ஊசி மதுரையில், காய்ச்சல் மேகமலையில்

முடக்குவாதத்துக்கு மாத்திரைகள் கேட்காதபோது போடப்படும் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள் நல்ல மருந்துகள். அவை மூட்டு வீக்கத்தை அடக்குவது டி.என்.எஃப். என்ற புரதத்தை முடக்கித்தான். ஆனால், உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி அடைத்துவைக்க உதவுவதும் அதே புரதம். இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்ட பிறகு காசநோய் வந்த 70 பேரின் விவரங்கள் 2001-இல் ஆராயப்பட்டபோது, பாதிப் பேருக்கு மேல் நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் காசநோய் அரிதான நாட்டினர். இங்கோ, 2019-21 தேசிய ஆய்வின்படி, 15 வயதைத் தாண்டியவர்களில் 31 சதவீதம் பேரிடம் அந்தத் தொற்று இருக்கிறது.

தேனி மாவட்டத்தின் மேகமலை எஸ்டேட்டிலிருந்து சின்னமனூருக்கு இறங்கி, மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்பவருக்குக் காய்ச்சல் வருவது மலையில்தான். அவர் முதலில் போவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அவர் என்ன ஊசி போட்டுக்கொள்கிறார் என்பது அங்கே தெரியாது. 'இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் விதியும் இவருக்குப் பயன்படாது, ஏனென்றால் இருமலே இல்லாமல் கழுத்துக் கட்டியாகவோ வயிற்று வீக்கமாகவோ நோய் வரலாம். ஊசி போடும் இடத்துக்கும் காய்ச்சல் வரும் இடத்துக்கும் நடுவே உள்ள இந்த மௌனத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

இப்படிப் பேசினால் நோயாளிகள் பயந்து ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்பார்கள். நியாயமான கவலைதான், தானாக நிறுத்துவதும் ஆபத்து. அடங்காத முடக்குவாதமும், அதற்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டும்கூடத் தொற்றை வரவழைப்பவையே. ஸ்பெயினில் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் விதியான பிறகு, இந்த ஊசி போடுவோரிடையே காசநோய் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஊசியை யாரும் கைவிடச் சொல்லவில்லை. நம் தேசியக் காசநோய்த் திட்டமும் 2021 முதல் இந்த ஊசி போட்டுக்கொள்வோரைத் தடுப்பு சிகிச்சைக்கு உரியவர்களாகச் சேர்த்திருக்கிறது. பரிசோதனை சில சமயம் பொய்த்துவிடுமே என்பது அடுத்த கேள்வி. உண்மை. ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொற்று இருந்தும் இல்லையென்று காட்டலாம். காசநோய் மலிந்த ஊரில் பிறகு புதிதாகவும் தொற்றலாம். அதனால்தான் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிட முடியாது.

ஊசியைத் தொடங்கும் மருத்துவமனை, மாவட்டக் காசநோய்ப் பிரிவுக்குத் தகவல் தந்து, நோயாளியின் கையில் தமிழில் ஒரு அட்டையும் கொடுக்க வேண்டும். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, தடுப்பு மாத்திரை முடிந்ததா என்பது அதில் இருக்கட்டும். கீழே கொட்டை எழுத்தில்: நீடித்த காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால், இருமலுக்காகக் காத்திராமல் காசநோய்க்குப் பாருங்கள், இவரை அன்றே தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.