மதிப்பெண் போடுவதா திறனாய்வு?

திரைப்படத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தைத் தமிழ் வாசகரிடையே நிலைநிறுத்திய இதழ் ஆனந்த விகடன். 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு அவ்விதழ் நூற்றுக்கு 62.5 வழங்கியது. அவ்வெண்ணைத் திரை ஆர்வலர் பலர் இன்றும் மனப்பாடமாய்ச் சொல்வர். எஞ்சிய 37.5 எக்குறை கருதிக் கழிக்கப்பட்டது என வினவினாலோ, விடை கூறுவார் அரியர். எண் நிலைத்தது, எழுத்து மறந்தது.

விகடனைப் பழிப்பதற்கன்று இது. அங்கே மதிப்பெண்ணுக்கு முன்னே படித்துணரத்தக்க விமர்சனமும் இருந்தது. அதனைப் பின்பற்றி எழுந்தவர்களோ விமர்சனத்தைக் கைவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர். எண்ணும் நாளடைவில் ஐந்து விண்மீன்களாய்ச் சுருங்கிற்று. மாணவன் எழுதிய கட்டுரையின் அடியில் ‘48’ என்று மட்டும் சிவப்பு மையால் எழுதிப் புத்தகத்தைத் திருப்பித் தரும் ஆசிரியரை எந்தத் தலைமையாசிரியரும் பாராட்டார். எங்கே பிழை, எங்கே அழகு, அடுத்த முறை எதனைக் கவனித்தல் வேண்டும் என்று ஓரத்தில் குறித்துத் தருபவரன்றோ ஆசிரியர்? மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தரம் பிரித்து வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. திரைப்படங்களுக்கு அந்த விடுதலை இன்னும் கிட்டவில்லை.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுத்து விற்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பகலெல்லாம் அடுப்பு, மாலையில் பொட்டலம் கட்டும் வேலை, வாரத்துக்கு ஓரிரவு படம் பார்க்க ஓய்வு. எந்தப் படத்தைப் பார்ப்பது என்று அக்குடும்பத் தலைவர் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் புரட்டுகிறார். அங்கே அவருக்கு இரண்டு வகைத் திறனாய்வு காத்திருக்கிறது. ஒன்று, விளம்பரத்தின் நீட்சி. நடிகர் எத்தனை உடை மாற்றினார், முதல் நாள் வசூல் யாது, சண்டைக் காட்சி எந்நாட்டில் எடுக்கப்பட்டது என்பவற்றை அடுக்கிக் கூறி, ‘குடும்பத்துடன் கண்டு களிக்கலாம்’ என முடிப்பது. மற்றொன்று, புலமையின் காட்சி. ‘விளிம்புநிலை உடல்களின்மீது எழுதப்பட்ட அதிகாரக் கதையாடலை இப்பிரதி தன் காட்சிமொழியால் கட்டுடைக்கிறது’ என்பது போன்ற வாக்கியங்களால் ஆனது. முன்னது அவரை ஏமாற்றுகிறது. பின்னது, ‘இது உனக்கான படம் அன்று’ என்று வாயிலிலேயே தடுத்து நிறுத்துகிறது. இரண்டனுள் பின்னதே கொடியது. ஏனெனில், அந்த நல்ல படம் உண்மையில் அவரைப் பற்றியதாகவே இருக்கக்கூடும்.

தமிழுக்கு இத்துறையில் மரபில்லை என்று சொல்லித் தப்ப இயலாது. 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்குமுன், மௌனப் படங்கள் ஓடிய தமிழகத்துக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதையை விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தார். எந்நாட்டுப் படமாயினும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதனைப் பின்தொடர வழி செய்தவர் அவர். எதிரே தரையில் அமர்ந்திருந்தோரின் முகம் அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் ஐயம் எழும் என்பதும் தெரியும். அவருக்கும் முந்தியது உரையாசிரியர் மரபு. அகப்பாட்டொன்றைப் படிக்கப் புகுவோனுக்கு, யார், யாரிடம், எந்நிலையில் கூறிய கூற்று என்பதை ஒரு சிறு குறிப்பு முதலில் எடுத்துரைக்கிறது. அக்குறிப்பின்றிப் பாட்டுக்குள் நுழைவது கற்றாருக்கே கடினம். உ.வே.சாமிநாதையர் 1937-இல் குறுந்தொகைப் பதிப்பை உரையுடன் வெளியிட்டபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் பொருளும் விளக்கமும் தந்தார். எந்தப் பாட்டுக்கும் அவர் மதிப்பெண் போடவில்லை! வேற்றுநாட்டுப் படத்தையும் தனிமுயற்சியாய் எடுத்த சிறு படத்தையும் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்வோன் முதலில் எழுத வேண்டியது அத்தகைய கூற்றுக் குறிப்பையே.

‘உழைத்துக் களைத்து வருபவனுக்கு ஆட்டமும் பாட்டும் போதும், உலகப் படங்களை அவன்மீது சுமத்தாதீர்’ என்று பரிவு காட்டுவோர் உளர். இப்பரிவைப் போல் உழைப்பாளியை இழிவுபடுத்துவது வேறில்லை. தோட்டப்புறத் திடல்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட நாளில், பாய் விரித்து அமர்ந்த மக்கள் புராணப் படத்தையும் பார்த்தனர்; அரசாங்க வண்டி கொணர்ந்த செய்திப் படத்தையும் பார்த்தனர். தெரிவு அவர்கள் கையில் இல்லையே தவிர, பார்க்கும் பொறுமை இருந்தது.

இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தை எடுத்துக்கொள்க. நெடுங்காலம் வேலையின்றி இருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அவ்வேலைக்குச் சைக்கிள் வேண்டும். வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறான். முதல் நாளே அது களவு போகிறது. (அவன் அப்போது ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு திரைப்பட நடிகையின் சுவரொட்டி என்பதைக் கவனியாது விடலாகாது.) பின்பு தந்தையும் சிறுவனும் ரோம் நகரத் தெருக்களில் அச்சைக்கிளைத் தேடி அலைகின்றனர். பால் வாளியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற மனிதரின் பிள்ளைகளுக்கு இப்படத்தை விளக்கக் கோட்பாடு எதற்கு? சைக்கிள் போனால் வீட்டில் என்ன நேரும் என்பது ரோம் நகரத்தாரைவிடச் சுங்கை சிப்புட்டு வட்டாரத்தாருக்கு நன்கு தெரியும். ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) இன்னும் எளியது. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், தந்தைக்குத் தெரியாமல் ஒரே சோடிக் காலணியை அவளோடு மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்குச் செல்கிறான். அவ்வளவே கதை. பள்ளிக் காலணி வாங்க மாதக் கடைசி வரை காத்திருந்த குடும்பங்கள் பேராக்கில் குறைவா?

ஆகவே, தடை படத்தில் இல்லை. படத்துக்கும் பார்வையாளனுக்கும் இடையே நிற்க வேண்டியவன் நில்லாததில் இருக்கிறது. நின்று காட்டியவர்களும் உண்டு. விகடனிலேயே ஒளிப்பதிவாளர் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடர், ஒவ்வொரு படத்தையும் கதையாய்ச் சொல்லி, அடுத்த வீட்டாரின் வாழ்வு போல் அறிமுகம் செய்தது. அதனைப் படித்தே பிறநாட்டுப் படங்களைத் தேடத் தொடங்கினோர் பலர். தமிழ்த் திரையின் வரலாற்றைத் தியடோர் பாஸ்கரன் குழப்பமற்ற நடையில் எழுதினார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984-இல் ஒடேசா என்னும் இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராய்ச் சென்று மக்களிடமே பணம் திரட்டி, ‘அம்ம அறியான்’ (1986) படத்தை எடுத்து மக்களிடமே கொண்டு சென்றனர். தோட்டத் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்ட சமூகத்துக்கு இத்தகைய முயற்சி விளங்காததன்று.

பெரும்பகுதி தமிழிலேயே பேசும் ஒரு படம் 2015-இல் கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசான தங்கப் பனையைப் பெற்றது. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒதியாரின் ‘தீபன்’ அது. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி அதன் நாயகர். கோடம்பாக்கத்து நடிகரின் அடுத்த படத்தின் பெயரை அறிந்த மாணவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? மாணவரை விடுக, ஆசிரியருள் எத்துணைப் பேர்?

தொலைவிலுள்ளவற்றைக் காணாதது ஒருபுறம் இருக்க, வீட்டு வாயிலில் நடந்தவற்றையும் காணாதிருப்பதே வியப்பு. யாஸ்மின் அகமதுவின் ‘செப்பெட்’ ஈப்போவைக் களமாய்க் கொண்டது. 2005-இல் தோக்கியோ விழாவில் சிறந்த ஆசியப் படமாய்த் தேர்வு பெற்றது. 2009-இல், அவர் மறைந்த அதே ஆண்டில், வெளிவந்த ‘டேலண்டைம்’ படத்தின் நாயகன் மகேஷ் ஒரு தமிழ்த் தாயின் மகன். பள்ளிப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வான மெலூர் என்னும் பெண்ணை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வது அவன் பணி. அவள் கேட்பதற்கு அவன் மறுமொழி கூறுவதில்லை. செருக்கன் என எண்ணுகிறாள். அவன் செவிப்புலன் அற்றவன் என்பது அவளுக்குப் பின்னரே தெரிகிறது. அவள் பாடுவதை அவன் ஒருபோதும் கேட்க இயலாது, ஆயினும் பார்க்கிறான். அவன் தாயோ, உடன்பிறந்தானைப் பறிகொடுத்த துயரால் வேற்று மதத்துப் பெண்ணை வெறுக்கிறாள். அவ்வெறுப்பைப் படம் ஏளனம் செய்யவில்லை, அழுகையாகவே காட்டுகிறது. புந்தோங்குக் குடும்பத் தலைவருக்குச் சொல்ல வேண்டியது இத்துணையே. படம் இடையிடையே மெல்லச் செல்லும், மூன்று நான்கு மொழி கலந்து வரும், திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டும் என்பனவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டால், பார்ப்பதா வேண்டாவா என்பதை அவரே முடிவு செய்வார்.

இனித் தமிழ்ப் படங்கள். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), அறுபதுகளின் ரப்பர்த் தோட்டத்தில், பல்கலைக்கழகம் சென்று படிக்க விரும்பும் சாந்தா என்னும் பெண்ணின் கதை. அதில் அடிதடியில்லை, கூச்சலில்லை, லயத்து வாழ்வு அதன் போக்கிலேயே நகர்கிறது. வெளிநாட்டு விழாக்களில் அதனைக் கண்டனர். அதன் கதைமாந்தரின் பேரப் பிள்ளைகளிடம் அது போய்ச் சேரவில்லை.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015 டிசம்பர் 17-இல், ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படம் மலேசியத் திரையரங்குகளில் இறங்கிய அதே நாளில் வெளிவந்தது. பார்த்தவர் பிறருக்குச் சொல்லிச் சொல்லியே அது வாழ்ந்தது. 2016-இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்றது. படங்களை மொழியால் பிரித்துப் பரிசளிக்க அவ்விழாவில் முதலில் வகுக்கப்பட்ட முறை பெரும் எதிர்ப்புக்குப் பின் திருத்தப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது.

விருதைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதினர். படத்தைப் பற்றி எழுதியதோ சிறிது. அதுவும் பெரும்பாலும் இரு துருவம். ‘நம்மவர் படம், ஆதரவு தாரீர்’ என்பது ஒன்று. கலைஞனைக் கை நீட்டி நிற்கும் இரவலனாக்கும் பேச்சு இது. நல்ல கடலையை விற்பவன், ‘என் ஏழ்மைக்கு இரங்கி வாங்குக’ என்று கூவுவதில்லை. ‘குண்டர் கும்பலைக் காட்டி இந்தியர் மானத்தை வாங்கிவிட்டது’ என்பது மற்றொன்று. ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்பு நிலமாகி, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளிலும் மலிவு விலை அடுக்ககங்களிலும் ஒதுங்கிய காலத்தில், அக்குடும்பத்துப் பிள்ளைகளை யார் அரவணைத்தனர் என்பதைத்தான் படம் கேட்கிறது. மானம் போனது கேட்டதாலா, நடந்ததாலா?

கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழ்கிறது. அப்போய்க்கு வயது பன்னிரண்டு. குறும்பும் கற்பனையும் நிறைந்த சிறுவன். எப்படியாவது படித்து முன்னேறிவிட வேண்டும் என்று அவனை அடித்து வளர்க்கும் தந்தை மணியம்; குண்டர் கும்பலில் சேர்ந்துவிட்ட உறவினன் ஒருவன்; போதையில் வீழ்ந்து எழுந்த மற்றொருவன். ‘ஜகாட்’ என்பது, தீயவன் எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல்லைத் தமிழர் நாக்கு உச்சரிக்கும் விதம். பெயரிலேயே கதை இருக்கிறது: அச்சிறுவனைப் பிறர் எப்பெயரால் அழைக்கிறார்களோ, அப்பெயருக்குள் அவன் மெல்ல மெல்லத் தள்ளப்படுகிறான். குறையே இல்லாத படமன்று இது. கும்பல் காட்சிகள் சிலவற்றில் முன்பு பார்த்த படங்களின் சாயல் தெரிகிறது. பெரியவர்களின் கதைகள் சில இடங்களில் சிறுவனை ஓரம் தள்ளிவிடுகின்றன. இவற்றைச் சொல்லியே தீரவேண்டும். சொன்னால் படத்துக்கு இழுக்கு வந்துவிடும் என்று அஞ்சுவோர், அப்படத்தைத் தாமே மதிக்கவில்லை.

இப்படத்தைத் திறனாய்வு செய்ய மிகத் தகுதியுடையவர் திரைத்துறை அறிஞர் அல்லர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஆண்டு முழுதும் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்திருப்பவன் கற்பனையால் பேசுகிறானா, பொய் பேசுகிறானா என்று நாள்தோறும் தீர்மானிப்பவர் அவரே. அவரோ, ‘சினிமாவைப் பற்றி எழுதுவது ஆசிரியப் பணிக்குத் தகுமா?’ எனத் தயங்குகிறார். இத்தயக்கம் நீங்கும் வரை, விளம்பரம் எழுதுவோரே பிள்ளைகளின் இரசனைக்கு ஆசிரியராய் இருப்பர், இருந்தும் வருகின்றனர்.

எழுத இடமில்லை என்பது ஓரளவு மெய்தான். 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. ஞாயிறு மலர்களின் பக்கங்கள் முன்போல் இல்லை. ஆயின், பள்ளி மண்டபம் இருக்கிறது; பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது; சுவரிதழ் ஒட்டப் பலகையும் இருக்கிறது. உரியவரிடம் முறையாய் அனுமதி பெற்று மாதத்தில் ஒரு மாலை ஒரு படம் காட்டலாம். முன்னே ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் பேச, மறுநாள் மாணவர் இருவர் எழுதியதைப் பலகையில் ஒட்டலாம். முதல் மாலைக்குச் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ ஏற்றது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஓடும். இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோரும் இருந்து பார்க்கலாம். ‘ஜகாட்’ பெரியவர்களுக்கானது. பிள்ளைகள் வீடு சென்ற பின், பெற்றோரும் ஆசிரியரும் மட்டும் அமர்ந்து பார்க்க அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.