பழைய கணினியைத் தள்ளிவிடாதிருங்கள்



2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திற்று. இனி அந்தப் பழைய கணினி உதவாது என்றெண்ணி, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை எடுத்துப் புதியது வாங்க நினைக்கிறீர்களோ? சற்றுப் பொறுங்கள்.

நாம் பிழைக்க வந்த இத்திருவனந்தபுரத்தையே பாருங்கள். பூஜப்புரையிலுள்ள 'கைட்' நிறுவனம், கேரளப் பள்ளிகளுக்கென லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை ஆயத்தம்பண்ணி அளிக்கிறது. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' எனத் தொடங்கிய திட்டமே 2017-இல் 'கைட்' ஆயிற்று. உரிமக் கட்டணமின்றியே பிள்ளைகள் அதில் கற்கிறார்கள்.

அதிகப் பழைய கணினிக்கு, லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவானவை ஏற்றவை. 64 பிட் செயலியும் 2 ஜிபி நினைவகமும் இருந்தால் மின்ட் இயங்கும். 4 ஜிபி இருந்தால் நலம். பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் நன்கு கூடும். முதலாவது, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கி, பிரிண்டரும் இணையமும் வேலைசெய்கின்றனவா என்று சோதித்தறியுங்கள்.

ஒரு எச்சரிப்பு: நிறுவும்போது டிஸ்க் முழுவதும் அழிக்கப்படக்கூடும். மறைந்த தாயாரின் படங்கள் அதில் இருக்கின்றனவா? அவற்றை வேறிடத்தில் சேர்த்துவைத்து, திறந்து பார்த்த பின்னரே தொடங்குங்கள். கணினியை மீண்டும் வாங்கலாம். அப்படங்களை வாங்க முடியாதே!