கட்டுநாயக்காவுக்கு அப்பால்

தோகாவில் விமானமேறும் எம் சவளக்கடைச் சகோதரர் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்கிவிடுகிறார். அங்கிருந்து தம் வீட்டு வாயிலை மிதிக்க மேலும் ஏழெட்டு மணி நேரம் செல்கிறது! புகையிரதப் பாதையோ 1928இல் மட்டக்களப்பை அடைந்ததோடு சரி. கல்முனைப் பக்கம் அது எட்டிப்பார்க்கவேயில்லை. பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் வருபவர் வாடகை வாகனக்காரர் கேட்டதைக் கொடுத்தே தீரவேண்டும். பெருநாட் காலமெனில் விமானச் சீட்டின் விலையும் ஏறிவிடுகிறது. வயலை ஈடுவைத்து மகனை அனுப்பிய தந்தை, அவனைக் காண்பதற்கும் கடன்படுவதா?

மட்டக்களப்பு விமான நிலையம் கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. 2018இல் பொதுமக்கள் சேவைக்குத் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை நீளம் போதாது, பெரிய விமானங்கள் இறங்கா என்பதை நாம் அறியாதவரல்லர். கட்டுநாயக்காவில் இறங்குவோரை அங்கு கொண்டுசேர்க்கும் சிறு விமானங்களை, உழைப்பாளி கொடுக்கக்கூடிய கட்டணத்தில், நாள்தோறும் நடத்துக என்றே கேட்கிறோம்.

நட்டம் வருமே என்பர் அதிகாரிகள். கடன் வாங்கி மத்தளையில் கட்டி, 2013இல் திறந்த விமான நிலையம் பயணிகளின்றிக் கிடந்ததே, அப்பொழுது இந்தக் கணக்கு எங்கே போயிற்று? 2023இல் மட்டும் வெளிநாட்டில் உழைப்போர் இந்நாட்டுக்கு அனுப்பியது ஏறத்தாழ 600 கோடி டொலர். அதிற் சிறுதுளி அவர்தம் பயணத்திற்குத் திரும்பினால் திறைசேரி வற்றிவிடாது. விமானம் உடனே இயலாதெனில், விமானங்கள் வந்திறங்கும் நேரத்தை அனுசரித்து, கட்டுநாயக்கா வாயிலிலிருந்து கல்முனைக்கு அரச பேருந்துகளையேனும் விடட்டும். அதற்கு ஓடுபாதை தேவையில்லை.