மூன்றாவது கை

வெல்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதும் இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஊரில் இருப்பவர்கள், "படிச்சுட்டு உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்றார்கள். சென்னையில் இருக்கும் வாசக நண்பர்கள், "செம ஹாபி மச்சி, தியானம் மாதிரி இருக்கும்ல" என்றார்கள். முதல் பதிலில் இருக்கும் சாதி வாடை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. என் கோபம் இரண்டாவது பதில் மேல்.

தியானமெல்லாம் இல்லை. 2.5 மி.மீ. ராடை ஹோல்டரில் மாட்டி, 80 ஆம்பியர் வைத்து, தீக்குச்சியை உரசுவதுபோல இரும்பில் உரச வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ராடு ஒட்டிக்கொள்ளும். பயந்து தூக்கினால் ஆர்க் அணைந்துவிடும். ராடு உருகிக் குறையக் குறையக் கையையும் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும், இடைவெளி மாறக்கூடாது. இரும்பு உருகுவது 1538 டிகிரியில். ஆர்க்கின் வெப்பம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மெல்லிய சதுரக் குழாயில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை. நிதானமாகப் போய்விட்டோம் என்று நினைத்துக் கசடைத் தட்டிப் பார்த்தால், மேலே மினுமினுப்பாக இருக்கும், உள்ளே பிடித்தே இருக்காது. சுத்தியலால் ஒரு அடி, கையோடு வந்துவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். நான் பேச வந்தது வேறு.

ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சியில் ஒரு பட்டறைக்குப் போகிறேன். கேட், ஜன்னல் கிரில், சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல், இதுதான் அங்கே வேலை. போவதற்கு முன்னால் என்னிடமும் ஒரு கருத்து இருந்தது, உங்களிடமும் இருக்கும்: "கண்ணாடி வாங்கிக் குடுத்தாலும் இவங்க போட மாட்டாங்க, அலட்சியம்." வீடு கட்டுகிற எல்லோரும் சொல்வது இது. காண்ட்ராக்டரும் இதையேதான் சொல்வார்.

நீங்களே ஒரு மூலையை இணைத்துப் பாருங்கள். ஒரு கையில் ஹோல்டர். இன்னொரு கையில் குழாய், மட்டத்துக்குப் பிடித்தாக வேண்டும். முகத்துக்கு முன்னால் பிடிக்கிற கருப்புக் கண்ணாடித் தடுப்பை எந்தக் கையால் பிடிப்பது? சரி, தலையில் மாட்டும் கவசம் என்றால், ஆர்க் எழும்பும்வரை அதற்குள் கும்மிருட்டு. ராடு நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் என்ன செய்கிறார்கள்? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பாயிண்ட், திறந்து பார்த்து, மறுபடி மூடி இன்னொரு பாயிண்ட். ஒரு கேட்டுக்கு இப்படி எத்தனை பாயிண்ட் என்று எண்ணிப் பாருங்கள். அதை அலட்சியம் என்று சொல்பவர் ராடைக் கையில் பிடித்ததே இல்லை. அவர்களுக்கு மூன்றாவது கை கிடையாது, அவ்வளவுதான்.

சில சமயம் மூன்றாவது கை உண்டு. குழாயைப் பிடித்துக்கொள்ளும் பையன். அவன் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வான். புற ஊதாக் கதிர் சுவரில் பட்டும் திரும்பி வரும். ராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல எரியும், காலையில் சிவந்த கண்ணோடு மறுபடி வருவான். கால்வனைஸ் குழாய் என்றால் துத்தநாகப் புகை. அன்றைக்கு இரவு குளிர்காய்ச்சல். பால் குடி, வாழைப்பழம் சாப்பிடு, நெஞ்சு சுத்தமாகும் என்பார்கள். நுரையீரலுக்குள் போன புகையை வயிற்றுக்குள் போகிற பழம் எப்படித் துடைக்கும்? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில், புகையிலை இருக்கும் அதே பிரிவில், சேர்த்துவிட்டது.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. ஆர்க் எழும்பிய கணத்தில் தானாகவே கருப்பாகும் கவசம் இருக்கிறது. அதற்கு முன் தெளிவாகத் தெரியும், இரண்டு கையும் காலி. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்குகிறவர் யார்? ஹாபிக்காரர்கள். மாதத்துக்கு இரண்டு நாள் ஸ்டூல் செய்கிற என்னைப் போன்றவர்களின் கண் பத்திரமாக இருக்கிறது. தினமும் பத்து மணி நேரம் அதில் நிற்கிறவரின் கண் வெறும் இமைக்குப் பின்னால். பொழுதுபோக்கு என்ற சொல் இந்தக் கணக்கை மறைக்கிறது என்பதால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது, பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள். பக்கத்துத் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியைப் பற்றி அங்கே கல்வெட்டு உண்டு. செதுக்கியவரின் கண்ணில் தெறித்த சில்லைப் பற்றி அது பேசவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். பழைய கைவேலை என்றால் நமக்குக் கண் கலங்குகிறது. அதே சாலையில் இன்றைக்கு எரிகிற கண்ணுக்கு, கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம்.

இதற்கு அரசும் பொறுப்புத்தான். ஐடிஐ வெல்டர் பிரிவுக்கு எட்டாவது தேறினால் போதும், ஓராண்டுப் படிப்பு. அது நல்ல வாசல், மூட வேண்டாம். ஆனால் அந்த "எட்டாவது போதும்" என்பதை நாம் "மூளை வேண்டாம்" என்று படித்துக்கொண்டோம். திருச்சி பெல்லில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாய்லர் குழாய் இணைப்புகளுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். தெருப் பட்டறையில் வேலை பார்க்கிறவரின் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க யாரும் வருவதில்லை.

"அப்போ நாங்க கத்துக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து மட்டும் வேண்டாம். ஒரு பட்டறையில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். கிடார் வகுப்புக்குக் கொடுக்கிற பணத்தை இதற்கும் கொடுக்கலாம். நாலு வாரத்தில் ஒரு கேட்டின் விலை ஏன் அவ்வளவு என்று கைக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு உங்கள் வீட்டுக்கு கேட் போடும்போது, கிலோ கணக்கோடு "கவசத்துக்கு எவ்வளவு சேர்த்திருக்கீங்கண்ணா?" என்றும் கேளுங்கள். முதலில் சிரிப்பார். எங்கள் பட்டறை அண்ணனும் சிரித்தார். "அதெல்லாம் யாரு தம்பி குடுப்பாங்க?" என்றார். நான் ஸ்டூலுக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டு வாங்கி வைத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று பிடித்துக்கொள்ளும் பையனுக்கு. பையனுடையது கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, உள்ளே துணி வைத்துக் கட்டியிருக்கிறான்.