ஐந்தாவது ஆள்

ஒகேனக்கல்லிலிருந்து கம்பைநல்லூர் திரும்பும் வழியில், பென்னாகரம் தாண்டும்வரை வண்டிக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை. பதினோரு பேர் கொண்ட கூட்டுக்குடும்பம் எங்களுடையது. பாட்டி முதல் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் கடைக்குட்டி வரை எல்லோரும் வந்திருந்தோம். பார்த்தவர்கள், பங்காளிப் பஞ்சாயத்தில் தோற்றுத் திரும்புகிறவர்கள் என்றே எண்ணியிருப்பார்கள். காரணம் மிக அற்பமானது. எங்களைப் பிரித்து மூன்று பரிசல்களில்தான் ஏற்றுவேன் என்று ஒரு பரிசல்காரர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த அற்பத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம். விடுமுறைக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிற காலத்தில், அந்தப் பரிசல்காரரிடம் நாங்கள் கற்றுக்கொண்டது வேறு யாருக்கேனும் பயன்படலாம்.

உண்மையில் இந்தப் பயணம் ஒரு கப்பலில் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல் புறப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள்முதல் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கப்பல், கப்பல் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேருக்கான கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த பெரியவர்கள், பணம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். “அங்கே ஒரே கூட்டம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடப்பார்கள். காசு கொடுத்து நெரிசலில் சிக்குவதா?” என்றார்கள். இதில் பொய்யும் இல்லை. 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்ற கப்பல் முழுதாக நிரம்பினால், பயணிகளும் ஊழியர்களுமாக ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் அதில் இருப்பார்கள். ஒரு பேரூரே கடலில் மிதப்பது போல. ஆகவே, கூட்டமில்லாத நீர்வெளி தேடி, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற காவிரிக்குப் போவது என்று முடிவாயிற்று. மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்!

ஒகேனக்கல்லை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். நாங்கள் வண்டியை நிறுத்த இடம் தேடியதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கிற பெண்கள், அருவிக்குப் போகும் வழியெல்லாம் ஈரத்துணியோடு எதிர்ப்படுகிறவர்கள், இவர்கள் அனைவருக்கும் மேலாக, கையில் இருப்பதைப் பறிக்கத் தயாராக நிற்கிற குரங்குகள். “எங்கிருந்துதான் இத்தனை சனம் வருகிறதோ!” என்று எங்கள் சித்தப்பா நான்கு முறை அலுத்துக்கொண்டார். நாங்களும் தலையாட்டினோம். அந்தச் சனத்தில் பதினோரு பேர் எங்களுடையவர்கள் என்பது அப்போது எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் என்பது எப்போதும் மற்றவர்கள்தாம். நாம் மட்டும் குடும்பம்.

வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு துறைக்கு வந்தபோது பரிசல்காரர் எங்களை ஒரு முறை பார்த்தார். “ஒண்ணுக்கு நாலு பேரு சாமி. மூணு பரிசல்” என்றார். நாங்கள் பேரம் தொடங்கினோம். இரண்டு பரிசல் போதுமே. பிள்ளைகள் மூவரும் பூப்போல இருப்பார்கள். கடைக்குட்டி மடியில் உட்கார்ந்துகொள்வாள். பாட்டியை விட்டுப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். குடும்பமாக வந்துவிட்டுப் பிரிந்து போனால் என்ன சுகம்? கூடுதலாக வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் துடுப்பை ஊன்றியபடி நின்றார். பிறகு, கோபமேதும் இல்லாமல், “அஞ்சாவது ஆளு அடுத்த பரிசல்ல வரட்டும்” என்றார்.

நாங்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டோம். யார் எதில் ஏறுவது என்பதில் எங்களுக்குள்ளேயே மனத்தாங்கல் வந்தது. ஒரு பரிசல் முன்னே போய்விட, ஒன்று பின்தங்க, பாட்டியும் பேத்தியும் வெவ்வேறு பரிசல்களில் ஒருவரையொருவர் பார்த்தபடி போனார்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே நீர் அத்தனை அழகாக இருந்தும், அதைச் சரியாகப் பார்த்தவர் எங்களுள் குறைவு.

ஒரு நிகழ்ச்சி மட்டும் எல்லோர் நினைவிலும் நின்றது. அருவியின் சாரல் முகத்தில் அடித்தபோது ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான். அவனைப் பிடிக்க அவன் தாய் அந்தப் பக்கம் சாய்ந்தாள். தட்டைப் போன்ற அந்தப் பரிசலின் ஒரு விளிம்பு தண்ணீருக்கு அருகே இறங்கிற்று. பரிசல்காரர் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்து, “உக்காரு கண்ணு” என்றார். உட்கார்ந்தான். விளிம்பு மேலெழுந்தது. இரண்டு நொடிக்கு மேல் இராது. பரிசலுக்குக் கப்பலைப் போல அடிக்கட்டை கிடையாது. மூங்கில் பிளாச்சுகளால் முடைந்து, நீர் புகாத உறை போர்த்திய வட்டக்கூடை அது. அதில் இருப்பவர்களின் எடை வட்டத்தைச் சுற்றிச் சமமாகப் பரவியிருப்பதுதான் அதன் பாதுகாப்பு. ஐந்தாவது ஆளும் மடியில் ஒரு பிள்ளையும் இருந்திருந்தால் அந்த இரண்டு நொடி என்னவாகியிருக்கும் என்று வீடு திரும்பிய பிறகுதான் யோசித்தோம்.

யோசிக்கையில் பழவேற்காடு நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். விடுமுறையைக் கழிக்க உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகில் ஏறிப் போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். நாளிதழில் படித்தபோது “ஒரே படகில் அத்தனை பேர் ஏறலாமா?” என்று நாமெல்லாம் கேட்டிருப்போம். இப்போது அந்தக் கேள்வி எங்களுக்கு எளிதாக இல்லை. அவர்கள் ஏன் ஒரே படகில் ஏறினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பிரிய மனமில்லாமல் ஏறியிருப்பார்கள். எங்களைப் போலவே.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் வனவிலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. தீய எண்ணம் யாருக்கும் இல்லை. பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று ஒவ்வொரு தகப்பனும் தூக்கிப் பிடித்திருப்பான். கூட்டம் ஆபத்தாவது வெறியினால் மட்டுமல்ல. பல நேரங்களில் பாசத்தினாலும் ஆவலினாலும்தான். படகின் கட்டுமானத்தையும் நிர்வாகத்தின் பொறுப்பையும் கேள்வி கேட்பது அவசியம். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நம்முடைய பங்கு ஒளிந்துகொள்ளக் கூடாது.

‘சனம் பெருத்துவிட்டது, அரசு ஏதாவது செய்யவேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒகேனக்கல்லில் அரசு செய்யாமலில்லை. பிலிகுண்டுலுவில் நீரளவு பார்க்கப்படுகிறது. வரத்து பெருகினால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. 2024 ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியிருந்தது. அப்போதும் “இவ்வளவு தூரம் வந்தோமே” என்று புலம்பியவர்கள் உண்டு. தடை போட்டால் கோபம், தடை இல்லையென்றால் பேரம். சட்டம் நாலு பேர் என்று சொன்னாலும், அதைத் துறையில் நின்று ஒவ்வொரு முறையும் காப்பாற்ற வேண்டியவர் ஒரு தனி மனிதர். அன்றாடக் கூலியை நம்பி வாழ்கிறவர். நாங்கள் நீட்டிய கூடுதல் பணம் அவருக்கு ஒரு வேளை உணவின் விலையாக இருந்திருக்கலாம். அதைத் தள்ளிவிட்டு அவர் சொன்ன ‘முடியாது’ என்ற சொல்லுக்குத்தான் நாங்கள் முகம் சுளித்தோம்.

கப்பலில் கூட்டம் என்று பிள்ளைகளிடம் சாக்குச் சொன்னோமே, அந்தக் கப்பல்கள் கூட்டத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்று பிறகு தேடிப் படித்தோம். வியப்பாக இருந்தது. மரபான உல்லாசக் கப்பல்களில் இரவு உணவுக்கு முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்ற முறை உண்டு. நம் கல்யாண வீட்டு ஏற்பாடேதான். அதைவிட முக்கியமானது அபாய ஒத்திகை. சங்கு ஒலித்தால் யார் எங்கே போய் நிற்கவேண்டும் என்பது ஒவ்வொரு பயணிக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒழுங்கு இலவசமாக வந்ததல்ல. 1912இல் டைட்டானிக்கில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்கு. நூறாண்டுகள் கழித்து, 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இருந்தது. புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று அது 2015 முதல் மாற்றப்பட்டது. ஆக, பத்தாயிரம் பேர் இருப்பதல்ல சிக்கல். ஒருவருக்கு ஓர் இடம் என்று எண்ணி வைக்காததுதான் சிக்கல். எண்ணி ஏற்றினால் பத்தாயிரமும் தாங்கும். எண்ணாமல் ஏறினால் ஐந்தாவது ஆளே அதிகம்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆடிப் பதினெட்டுக்கு இருமத்தூர்த் தென்பெண்ணைக்குப் போவது வழக்கம். அங்கும் கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டம் எங்களை ஒருபோதும் வருத்தியதில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. ஆற்றங்கரை நீளமானது. ஒரு குடும்பம் குளித்து, படைத்து, எழுந்து போனால் அந்த இடத்தில் இன்னொன்று அமரும். யாரும் எதன்மீதும் ஏறவேண்டியதில்லை. இடத்தை நீட்டிக்கொள்ளலாம். பரிசலை நீட்ட முடியாது. கரையில் பழகிய பழக்கத்தை, ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நாங்களும் வந்துவிடுகிறோம்’ என்ற அந்த இனிய பழக்கத்தை, அப்படியே நீருக்குள் கொண்டுபோனதுதான் எங்கள் பிழை. பேருந்திலும் இரயிலிலும் நாம் பெருந்தன்மை என்று கொண்டாடுகிற ஒன்று, நீரில் கொலைக்குச் சமம்.

ஆகவே எங்கள் குடும்பத்தில் சில முடிவுகளைச் செய்திருக்கிறோம். அருவிக்கும் ஆற்றுக்கும் இனி வாரநாளில், காலையிலேயே போவது. யார் யாரோடு ஏறுவது என்பதைத் துறையில் அல்ல, வீட்டிலேயே பேசிப் பிரித்துக்கொள்வது. ஒவ்வொரு குழுவிலும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் இருப்பது. நீர்வரத்து அதிகம் என்று தடுத்தால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கையில் பேரம் பேசுவதில்லை. விலையில் வேண்டுமானால் பேசிக்கொள்ளலாம். இவை யாவும் சிறிய முடிவுகள். ஆனால் இவற்றை நிறைவேற்ற ஒரு பெரிய மனமாற்றம் வேண்டியிருக்கிறது. ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகவே இருந்தால்தான் அது குடும்பம் என்ற எண்ணத்தைச் சற்றுத் தளர்த்தவேண்டும். மூன்று பரிசல்களில் போய் ஒரே கரையில் இறங்கினாலும் குடும்பம் குடும்பம்தான். ஒரே பரிசலில் ஏறியவர்கள் எல்லோரும் கரை சேர்வார்கள் என்பதற்குத்தான் உறுதி இல்லை.

கப்பலுக்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். எப்போது சேரும் என்று தெரியாது. இதற்கிடையில் சென்ற மாதம் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போக ஆட்டோ பிடித்தோம். வழக்கம்போல் ஒருவர்மேல் ஒருவராக ஏறத் தொடங்கியபோது கடைக்குட்டி மட்டும் கீழேயே நின்றுகொண்டாள். விரல் விட்டு எண்ணினாள். “நான் அடுத்த ஆட்டோவுல வரேன்” என்றாள். பாட்டி இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.