கைப்பொருளுக்கு எஜமானன் யார்?

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஓர் அன்பர் வந்திருந்தார். பலசரக்குக் கடையொன்றில் கணக்கு எழுதி ஜீவனம் செய்பவர். நான்கு வருஷங்களுக்கு முன் மாதத் தவணையில் வாங்கிய கைப்பேசியை நம் மேஜையின் மேல் வைத்து, "இது என்னுடையதுதானா என்று சொல்லுங்கள், ஐயா" என்றார். முதல் நாளிரவு பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதற்காக அதை மாட்டிவிட்டுப் படுத்திருக்கிறார். பொழுது விடிந்து எடுத்துப் பார்த்தால், தொட்டுப் பழகிய குறிகள் இடம் மாறியிருக்கின்றன. பணம் பெறும் செயலி திறப்பதற்குள் வாடிக்கைக்காரர் பொறுமை இழக்கிறார். மாலைவரை தாங்கிய பாட்டரி பிற்பகல் மூன்று மணிக்கே தீர்ந்துபோகிறது. இரவில் 'புதுப்பிப்பு' நடந்ததாம். அவர் அதைக் கேட்கவில்லை. அவரையும் யாரும் கேட்கவில்லை. பழையபடி செய்து தரச் சொல்லிக் கடைக்குப் போனால், "அது முடியாது, வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது.

இதை அற்ப விஷயமென்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. கூலியும் பென்ஷனும் குழந்தைகளின் படிப்பும் இன்று இந்தச் சிறு கருவியின் வழியே நடக்கின்றன. கிரயம் கொடுத்து வாங்கிய பொருளை, உடையவன் தூங்கும்போது பிறர் மாற்றியமைக்கலாமா என்பதே கேள்வி.

கம்பெனிகளின் கட்சியையும் நியாயமாக எடுத்துச் சொல்லவேண்டும். மென்பொருளில் நாள்தோறும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. திருடர்கள் அவற்றின் வழியே நுழைகிறார்கள். உடனுக்குடன் அடைக்காவிட்டால் அனைவருக்கும் ஆபத்து என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற நாசகார மென்பொருள் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கிற்று. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டைக்குரிய அடைப்பை மைக்ரோஸாப்ட் கம்பெனி இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் பொருத்திக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டார்கள். ஆகவே புதுப்பிப்பே வேண்டாமென்று நாம் வாதிக்க வரவில்லை.

ஆனால் ஓட்டையை அடைக்க வந்தவன் வீட்டுச் சுவரையும் இடித்துக் கட்டிவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர்? பாதுகாப்பு என்ற ஒரே மூட்டைக்குள் புதிய தோற்றமும், கேளாத செயலிகளும், பழைய கருவியால் சுமக்க முடியாத பாரமும் சேர்த்துக் கட்டப்படுகின்றன. மூட்டையைப் பிரித்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான்.

இது வெறும் அநுமானம் அன்று. அந்நிய நாடுகளின் அதிகாரிகள் விசாரித்துக் கண்ட முடிவு. 2014-ல் விற்பனைக்கு வந்த 'காலக்ஸி நோட் 4' கைப்பேசியை உடையவர்களிடம், அதற்குப் பின் வந்த 'நோட் 7'-க்காகத் தயாரித்த மென்பொருளை ஏற்றுக்கொள்ளும்படி சாம்சங் கம்பெனி 2016-ல் விடாமல் வற்புறுத்திற்று என்றும், அதனால் நேரக்கூடிய கோளாறுகளைச் சொல்லவில்லை என்றும் இத்தாலியின் போட்டி நிர்வாக ஆணையம் 2018 அக்டோபரில் தீர்மானித்து, 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஐபோன் 6 உடையவர்களிடம் இதே விதமாக நடந்துகொண்டதற்கும், பாட்டரியைப் பற்றிய தகவல்களைச் சரிவரத் தெரிவிக்காததற்கும் ஆப்பிள் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விழுந்தது.

ஆப்பிள் விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. பாட்டரி பழையதானால் ஐபோன் திடீரென்று அணைந்துபோவதுண்டு. அதைத் தடுக்கும் பொருட்டு, 2017 ஜனவரியில் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பில், பழைய பாட்டரியுள்ள கருவிகளின் வேகத்தை அக்கம்பெனி குறைத்தது. நோக்கம் நல்லதென்றே வைத்துக்கொள்வோம். எனினும் வேகம் குறையும் என்பதை உடையவனிடம் சொல்லவில்லை. அவ்வருஷம் டிசம்பரில் விஷயம் அம்பலமான பிறகே கம்பெனி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரிற்று. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பாட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. அதற்கு முன்பே, பாட்டரியை மாற்றினால் தீரக்கூடிய குறைக்காகப் புதிய கைப்பேசியையே வாங்கிவிட்டவர்களின் கதி என்ன? பிரெஞ்சு சர்க்கார் 2020 பிப்ரவரியில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் வசூலித்தது. முந்திய மென்பொருளுக்குத் திரும்பிச் செல்ல ஜனங்களுக்கு வழியில்லாதிருந்ததையும் அப்போது அது குறிப்பிட்டது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2020-ல் வெளிவந்த 'பிக்ஸல் 4ஏ' என்ற கைப்பேசிக்கு 2025 ஜனவரியில் கூகிள் கம்பெனி தானாகவே இறங்கும் ஒரு புதுப்பிப்பை அனுப்பிற்று. சில கருவிகளில் பாட்டரியின் கொள்ளளவு குறைந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இலவசமாகப் பாட்டரி மாற்றித் தருவதாகவோ பணம் தருவதாகவோ கம்பெனி முன்வந்தது. பரிகாரம் கொடுத்தது சரியே. ஆனால் பரிகாரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்தவர்கள், புதுப்பிப்பை மறுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நமது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவு, வாங்கியவன் தன் பொருளைத் தொந்தரவின்றி அநுபவிப்பான் என்ற உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளடங்கியிருப்பதாகக் கூறுகிறது. தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாக நீதிமன்றங்களுக்குப் பழக்கமான கோட்பாடு இது. இதற்குக் கம்பெனிகள் சாமர்த்தியமான பதில் ஒன்று வைத்திருக்கின்றன. கண்ணாடியும் உலோகமும் உங்களுடையவை. உள்ளேயிருக்கும் மென்பொருள் எங்களுடையது. அதை உபயோகிக்க உங்களுக்கு அநுமதி மட்டுமே கொடுத்திருக்கிறோம் என்கின்றன. மாட்டை விற்றுவிட்டு அதன் மூச்சைத் தம்மிடம் வைத்துக்கொள்வது போன்ற வாதம் இது. முதல் நாளில் யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்தின் அடியில் 'சம்மதம்' என்று ஒருமுறை தொட்டதையே என்றென்றைக்குமான சம்மதமாகக் காட்டுகிறார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதுண்டு. தூக்கமும் சம்மதத்துக்கு அறிகுறி என்று எந்த நியாய சாஸ்திரமும் சொல்லவில்லை.

வழக்குத் தொடரலாமே என்று கேட்கலாம். நமது கணக்கப்பிள்ளை நுகர்வோர் கமிஷனுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்று கைப்பேசி வேகமாக ஓடிற்று என்பதை எதைக் கொண்டு ருசுப்பிப்பார்? பழைய மென்பொருள் அழிந்துவிட்டது. அதைத் திரும்ப ஏற்றிக் காட்டவும் வழியில்லை. பிரதிவாதியின் கையாலேயே சாட்சியம் அழிந்துபோகும் வழக்கில் வாதி எவ்வாறு ஜயிப்பான்?

ஐரோப்பிய யூனியன் இதற்கு விடை கண்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே அமலுக்கு வந்துள்ள கைப்பேசி விதிகளின்படி, ஒரு புதுப்பிப்பினால் கருவியின் சக்திச் செலவோ, அறிவிக்கப்பட்ட பிற குணங்களோ மோசமடையுமானால், உபயோகிப்பவரின் வெளிப்படையான சம்மதத்தை முன்னதாகவே பெறவேண்டும். புதுப்பிப்பை மறுத்த காரணத்தால் கருவியின் வேலைத்திறன் மாறவும் கூடாது. அங்கே விற்கும் அதே கம்பெனிகள்தாம் இங்கேயும் விற்கின்றன. அங்குள்ள பிரஜைக்குரிய மரியாதை இந்தியப் பிரஜைக்கு ஏன் இல்லை?

நமது சர்க்கார் இவ்விஷயத்தை அறியாமலில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள், வாங்குவோரை ஏய்க்கும் 13 தந்திரங்களை வகைப்படுத்தின. ஓயாமல் நச்சரிப்பதும், விரும்பாத செயலுக்குக் கட்டாயப்படுத்துவதும் அவற்றில் அடக்கம். 2025 ஜனவரியில், ஐபோன் புதுப்பிப்புக்குப் பின் எழுந்த புகார்கள் பற்றி ஆப்பிள் கம்பெனியிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாக அமைச்சர் பிரஹ்லாத் ஜோஷி அறிவித்தார். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் அதே வருஷம் நவம்பரில், 'சஞ்சார் சாத்தி' என்ற சர்க்கார் செயலியைப் புதிய கைப்பேசிகளில் கட்டாயமாகப் பொருத்தவும், ஏற்கெனவே தயாராகி விற்பனைக்குப் போய்விட்டவற்றில் புதுப்பிப்பின் வழியே சேர்க்க முயலவும் தொலைத்தொடர்பு இலாகா உத்தரவிட்டது. நாடெங்கும் ஆட்சேபம் எழவே, டிசம்பர் 3-ந் தேதி அக்கட்டாயம் வாபஸ் வாங்கப்பட்டது. திருட்டைத் தடுக்கும் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. உடையவனைக் கேளாமல் கம்பெனி நுழையும் வாசலை இன்று திறந்துவிட்டால், நாளை அதே வாசலில் எந்த அதிகாரமும் நுழையலாம் என்பதை இந்தச் சம்பவம் காட்டிற்று.

ஆகவே நாம் கோருவது மிகவும் எளியது. முதலாவது, பாதுகாப்புக்கான அடைப்புகளையும் மற்ற மாறுதல்களையும் தனித்தனியே தரவேண்டும். முன்னதை ஏற்பவன் பின்னதையும் சுமக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பழைய கருவியில் வேகமோ பாட்டரியோ குறையக்கூடுமானால், அதை உபயோகிப்பவரின் பாஷையில், நம்மவருக்குத் தமிழில், முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். மூன்றாவது, மறுப்பவரை நாள்தோறும் நச்சரிக்கலாகாது. நான்காவது, பாதுகாப்பு அடைப்புகளைக் கைவிடாமலே, மற்ற மாறுதல்களை ஒரு மாதத்துக்குள் நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைக்கவேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தன் விதிமுறைகளில் இந்நான்கையும் திட்டவட்டமாகச் சேர்க்கவேண்டும். கம்பெனிகளுக்கு இதனால் சிரமம் உண்டாகலாம், நஷ்டம் உண்டாகாது. கேட்டுச் செய்பவனிடம் ஜனங்களுக்கு நம்பிக்கை வளரும். அவன் அனுப்பும் அவசியமான அடைப்புகளையும் பயமின்றி ஏற்றுக்கொள்வார்கள்.

அன்று அந்த அன்பர் கேட்ட கேள்விக்கு, "உம்முடையதுதான்" என்று நாம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தவணை முழுவதையும் கட்டித் தீர்த்த மனிதனுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தேசத்தின் சட்டத்துக்குத் திராணி வேண்டும்.