கூட்டம் காட்டவா மாணவர்கள்?

இறுதியாண்டு மாணவர்களைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றி, வேலைவாய்ப்பு முகாம் நடக்கும் வளாகத்தில் இறக்கி, பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, மாலையில் திரும்ப அழைத்து வந்துவிட்டால் தம் கடமை முடிந்தது என்று நினைக்கும் கல்லூரி நிர்வாகங்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். முகாமுக்கு முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: காலை எட்டு மணிக்குள் ஃபார்மல் உடையில் வர வேண்டும், ரெஸ்யூமே ஐந்து பிரதி, மார்க் ஷீட் ஜெராக்ஸ், ஆதார் நகல், இரண்டு போட்டோ. பல கல்லூரிகளில் மாணவருக்குக் கிடைக்கும் தயாரிப்பு இவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் பிள்ளைகளை இப்படிக் கைவிடுவதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

அந்தச் செய்தி வந்த இரவு பிரவுசிங் சென்டர்களில் நடப்பதை முதல்வர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கட்டும். கடைக்காரரின் கணினியில் ஒரு மாதிரி ஏற்கெனவே இருக்கும். பெயர், மதிப்பெண், கைபேசி எண் மூன்றையும் மாற்றினால் ரெஸ்யூமே தயார். மேலே, சவாலான பணியில் சேர்ந்து நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புவதாக ஓர் ஆங்கில வாக்கியம். கீழே தந்தை பெயர், மதம், திருமண நிலை. பொழுதுபோக்காகக் கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. மூன்றாண்டில் என்ன கற்றார், எதைச் செய்யத் தெரியும் என்பதற்கு மட்டும் இடமே இல்லை. அவசரத்தில் மாற்ற மறந்த வேறொருவரின் மின்னஞ்சல் முகவரியோடு அச்சாகி வரும் ரெஸ்யூமேக்களும் உண்டு. நிறுவனம் தேர்ந்தெடுத்தாலும் அழைப்பு யாருக்கோ போய்ச் சேரும். துறையில் ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

மறுநாள் முகாமில் வேதியியல் மாணவர் ஒருவர் மருந்து நிறுவனத்தின் மேசை முன் உட்காருகிறார். ‘லேபில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள். மௌனம். பருவம் பருவமாக டைட்ரேஷன் செய்தவர் அவர். கரைசல் தயாரிக்கத் தெரியும், பிஎச் மீட்டரை அளவு சரிசெய்யத் தெரியும், அளவுகளைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதத் தெரியும். மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் தேடுவது இந்தப் பழக்கம் உள்ளவரைத்தான். கையில் இருக்கும் தகுதியை வாயால் சொல்ல அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வணிகவியல் மாணவிக்கும் இதே கதிதான். டாலியில் கணக்குப் போட்டிருப்பார், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எப்படித் தாக்கலாகிறது என்று படித்திருப்பார். ஆனால் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் பெயரும் ஊரும் சொல்லி நிறுத்திவிடுவார். பிறகு இருவரும் கடன் வசூல் வேலைக்கோ, காப்பீடு விற்கும் வேலைக்கோ ஆள் எடுக்கும் வரிசையில் போய் நிற்பார்கள். அந்த வேலைகளில் இழிவு எதுவும் இல்லை. படித்த படிப்புக்கான மேசை இரண்டு வரிசை தள்ளி இருக்கும்போது, அதில் வாய் திறக்க முடியாமல் எழுந்து வரச் செய்ததுதான் இழிவு. அதற்கு மாணவரைக் குறைசொல்ல நாம் தயாராக இல்லை.

திட்டமோ பணமோ இல்லை என்று கல்லூரிகள் சாக்குச் சொல்ல முடியாது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் திறன் பாடங்களைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ எல்லாக் கல்லூரியிலும் ‘பிளேஸ்மென்ட் செல்’ என்று பலகை தொங்குகிறது. பெரும்பாலும் அதன் பொறுப்பாளர் முழுநேரப் பாடமும் எடுத்துக்கொண்டு, தேர்வுப் பணியும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதைச் செய்யும் ஓர் உதவிப் பேராசிரியர். அவர் மேல் நமக்குக் கோபமில்லை. கோபம் நிர்வாகத்தின் மேல்தான். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் வேலைக்குச் சென்ற மாணவர் விழுக்காட்டுக்கும், வழிகாட்டல் நிகழ்ச்சிகளுக்கும் மதிப்பெண் உண்டு. அதற்காக ஜியோ டேக் போட்ட படமும் வருகைப் பட்டியலும் கோப்பில் பத்திரமாகச் சேர்கின்றன. பயிற்சி நடந்ததா என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைக் கூட்டமாகக் காட்டும் இந்தப் பழக்கம் இந்தக் கல்வியாண்டோடு ஒழிய வேண்டும்.

சம்பளம் பற்றிய அறியாமை இதைவிடக் கொடியது. மேசையில் ‘மாதம் 18,000’ என்பார்கள். அது பெரும்பாலும் சிடிசி, அதாவது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றைக் கழித்தால் சம்பளம் 15,000 அளவில் நிற்கும். முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால், தொழிலாளி பங்காக 12 சதவீத பிஎஃப் 1,800 ரூபாய், 0.75 சதவீத இஎஸ்ஐ 113 ரூபாய் போகும். கைக்கு வருவது சுமார் 13,000. ஒரகடத்திலோ ஓசூரிலோ விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பிறகு வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும்? பிஎஃப் பிடிப்பது மாணவரின் சேமிப்புதான்; அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைக்கூட ஒதுக்காததால், முதல் மாதச் சம்பளம் வந்ததும் ஏமாந்துவிட்டோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

இன்னொன்று. மேசையில் ‘டிரெய்னி’ என்பார்கள். அது அப்ரண்டிஸ் பயிற்சியாகவும் இருக்கலாம். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி எடுக்கப்படுபவர் பயிற்சி பெறுபவர்தான். அந்தச் சட்டத்தின் கணக்கில் அவர் தொழிலாளி ஆகமாட்டார். பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. பேனரில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். சம்பளம் தருவது நடுவில் இருக்கும் ஒப்பந்த நிறுவனமாக இருக்கும். நான் யாருடைய சம்பளப் பட்டியலில் வருவேன் என்று கேட்க மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும். அசல் சான்றிதழைக் காட்டலாம், யாரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. பயிற்சிக் கட்டணம், சீருடைப் பணம், முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முகாம் நடத்துவோரும் தப்ப முடியாது. ‘நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஆயிரக்கணக்கான காலியிடங்கள்’ என்று அறிவிப்பு வருகிறது. எந்த நிறுவனம், என்ன வேலை, எந்த ஊர், எந்த ஷிப்ட், கைக்கு எவ்வளவு என்பது உள்ளே போய் வரிசையில் நின்ற பிறகுதான் தெரிகிறது. கிராமத்திலிருந்து வரும் மாணவியிடம் அங்கேதான் ‘ஸ்ரீபெரும்புதூர், நைட் ஷிப்ட் உண்டு, சம்மதமா?’ என்று கேட்கிறார்கள். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்’ என்கிறார். அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். பத்து நாள் முன்பே விவரம் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் பேசி முடிவெடுத்திருப்பார்கள். வேலைவாய்ப்புத் துறையிடம் தனியார் வேலைகளுக்கென்றே இணையதளம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் விவரத்தையும் அதில் முன்கூட்டியே வெளியிடுவதற்கு என்ன தடை? மேடையில் கொடுக்கப்படும் தாள் முறையான பணி நியமன ஆணையா, முதற்கட்டத் தேர்வுச் சீட்டா என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வந்தவர்கள், தேர்வானவர்கள் எண்ணிக்கை மறுநாளே வெளியாகிறது. எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கையும் அதே அக்கறையோடு வெளியிட வேண்டும்.

உயர்கல்வித் துறைக்கு நம் கோரிக்கை இது. ஐந்தாம் பருவத்திலேயே ஒவ்வொரு துறையும் தன் மாணவர் அனைவரின் ரெஸ்யூமேயையும் படித்துத் திருத்த வேண்டும் என்று ஆணையிடுங்கள். தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும் தன் படிப்பைப் பற்றி மூன்று நிமிடம் பேச ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுங்கள். துறை ஆசிரியர்களே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். அரியர் வைத்திருப்பவர் அதை மறைக்காமல் எப்படிச் சொல்வது என்பதும் அந்தப் பயிற்சியில் இருக்கட்டும். பிளேஸ்மென்ட் செல்லுக்கு முழுநேரப் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். நிறுவனப் பட்டியல் கைக்கு வராத முகாமுக்கு எந்தக் கல்லூரியும் மாணவரை அனுப்பக் கூடாது.

இறுதியாண்டு மாணவர்களே, அடுத்த முகாமுக்குப் பேருந்து ஏறும் முன் முதல்வர் அறைக்குச் சேர்ந்து செல்லுங்கள். எந்தெந்த நிறுவனம் வருகிறது, என்ன வேலை, கைக்கு என்ன சம்பளம் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை.